மல்கோவா கொட்டையில் மல்கோவா முளைக்குமா?

நம்பிக்கை: நல்ல மல்கோவா பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் காய்க்கும்.

உண்மை: பெரும்பாலும் காய்க்காது. தோலும் சதையும் தாய்மரத்தின் உடம்பு. உள்ளே இருக்கும் பருப்பு, தாயும் தகப்பனும் சேர்ந்து உண்டானது. பக்கத்துத் தோப்பு நீலம் ரக மாமரத்தின் மகரந்தத்தை ஓர் ஈ கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். போதாததற்கு மல்கோவாவே கலப்பில் பிறந்த மரம். ஒவ்வொரு விதைக்கும் அது கொடுக்கும் மரபணுப் பங்கு வெவ்வேறு. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தசேரியையும் நீலத்தையும் இணைத்து மல்லிகா, ஆம்ரபாலி என இரண்டு ரகங்களை உருவாக்கினார்கள். பெற்றோர் அதே இருவர்தான். ஆனால் மல்லிகாவின் பழம் பெரிது. ஆம்ரபாலியோ மரமும் குட்டை, பழமும் சிறிது.

விதிவிலக்கு உண்டு. வெள்ளைக் கொழும்பான் என்ற மா ரகத்தின் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் எழும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உருவானவை. தகப்பனின் பங்கு துளியும் இல்லை. அவை தாயின் அச்சு. நம் மல்கோவா, பங்கனப்பள்ளி கொட்டைகளில் இது நடப்பதில்லை.

நம்பிக்கை: பக்கத்தில் புளிப்பு மாமரம் நின்றால் நம் பழமும் புளிக்கும்.

உண்மை: நாம் தின்பது சதையை. அது தாயுடையது, புளிக்காது. மக்காச்சோளத்தில் விஷயம் வேறு. அங்கே விதையையே தின்கிறோம், அதனால் அடுத்த வயலின் மகரந்தம் அதே கதிரின் மணி நிறத்தில் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: ஒட்டுமரம் நாளாக ஆக நாட்டுமரமாக மாறிவிடும்.

உண்மை: இதை நம்பி நர்சரிக்காரரைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் மரத்தடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய இடம் ஒரு முண்டு போலத் தெரியும். அதற்குக் கீழே இருப்பது நாட்டுக் கன்று, மேலே இருப்பது நாம் விரும்பிய ரகம். இரண்டும் தண்ணீரையும் சத்தையும் பரிமாறிக்கொள்கின்றன. கீழே உள்ள அந்த வேர்ச்செடியால் மரத்தின் உயரமும் காய்ப்பும் கூடலாம், குறையலாம். ஆனால் மேலே இருப்பது வேறு ரகமாக மாறாது. உண்மையில் நடப்பது இதுதான்: முண்டுக்குக் கீழிருந்து துளிர்த்த நாட்டுக் கிளையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது வேகமாக வளர்ந்து வெயிலை மறைக்க, ஒட்டுப் பகுதி நலிந்து பட்டுப்போகிறது. மிஞ்சியது நாட்டுமரம். எத்தனை நல்ல மரங்கள் இப்படிக் கைவிட்டுப் போயிருக்கின்றன! முதல் சில வருஷங்கள், முண்டுக்குக் கீழே துளிர் தலைகாட்டியதுமே விரலால் கிள்ளி எறியுங்கள்; கிளையாகத் தடித்த பிறகு வெட்டுக்கத்தி வேண்டியிருக்கும்.