கூட்டுக்குப் புதுக்கோழி வந்தபோது

விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, எங்கள் கோழிக்கூடு இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்கள் வரவேற்பறையோடு திரும்பிவிடுவதால் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்களுடைய மகளுக்குக் காய்ச்சல் என்று நோயாளர் அறையில் படுக்க வைத்தால், கஞ்சியோடு கொடுக்கப்படும் அவித்த முட்டை அங்கிருந்துதான் வருகிறது. அக்கூட்டைப் பராமரிப்பது ஒன்பதாம் வகுப்பு விடுதி மாணவியராகிய எங்கள் பொறுப்பு. இவ்வாண்டு அப்பொறுப்பை நாங்கள் முதலில் எவ்வளவு மோசமாகச் செய்தோம், பிறகு என்ன கற்றோம் என்பதை மறைக்காமல் எழுதுமாறு அருட்சகோதரி கூறியதால் எழுதுகிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பெட்டைகள் பதினொன்றும் சேவல் ஒன்றும் இருந்தன. கூட்டம் பெருகினால் முட்டையும் பெருகும் என்பது எங்கள் கணக்கு. எனவே சந்தையிலிருந்து நான்கு பெட்டைகள் வாங்கி வரப்பட்டன. கால்கள் கட்டப்பட்டு வந்தவற்றைப் பார்க்கப் பரிதாபமாயிருந்தது. உடனே கட்டவிழ்த்து, தண்ணீர் காட்டி, அன்று மாலையே பழைய கோழிகளோடு கூட்டுக்குள் விட்டுவிட்டோம். இரக்கத்தால் செய்த காரியம்தான். அன்றிரவு முழுதும் கூட்டில் ஒரே கூச்சல். விடிந்தபோது புதியவற்றுள் ஒன்றின் கொண்டையில் இரத்தம் உறைந்திருந்தது. சண்டை ஓய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினோம்.

ஆறாம் நாள் எங்கள் பெரியாத்தா இறங்கி வரவில்லை. கூட்டிலேயே மூத்த கோழிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. மறுநாள் இன்னும் மூன்று. அவற்றுள் ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. பத்து நாளைக்குள் பதினாறில் பதினொன்று இறந்தன. எஞ்சியவை பழைய பெட்டைகள் மூன்று, சேவல், சந்தையிலிருந்து வந்த கறுப்புப் பெட்டை ஒன்று, ஆக ஐந்து. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மற்றவற்றைப் புதைத்தோம். அவ்வாரம் நோயாளர் அறையில் முட்டை இல்லை.

வந்து பார்த்த கால்நடை மருத்துவர் சொன்ன பெயர் வெள்ளைக் கழிச்சல். நூல்களில் இதற்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1920-களில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அப்பெயர் நிலைத்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் 1926ஆம் ஆண்டு இதே நோய் காணப்பட்டதால் உலகெங்கும் நியூகாசில் நோய் என்கிறார்கள். இது வைரஸால் வருவது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. எச்சம், சளி, தண்ணீர்ப் பாத்திரம், ஏன், கூட்டுக்குள் போய்வரும் நம் செருப்பின் வழியாகக்கூடப் பரவும். கிருமி புகுந்து, பெரும்பாலும் ஐந்தாறு நாள் கழித்தே அடையாளம் தெரியும். சில வேளை இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை கோழி நன்றாகத்தான் மேயும்.

“தடுப்பு மருந்து எப்போது கொடுத்தீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்படியானால் சந்தைக் கோழிகள்தாம் குற்றவாளிகளா? எங்களுள் சிலர் அவ்வாறே சொன்னார்கள். ஆனால் முதல் நாளே கதவைத் திறந்துவிட்டது அவையல்ல. வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் முப்பது நாள் தனியிடத்தில் வைக்க வேண்டும். அவ்விடம் பழைய கூட்டுக்குத் தொலைவில் இருக்க வேண்டும். தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வேறு வேறு. காலையில் முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, பிறகே புதியவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பும்போது கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவுதான். பதினொரு உயிருக்கு இது பெரிய வேலையன்று.

கூட்டைக் கழுவி, சுண்ணாம்படித்து, வெயில்பட இரண்டு மாதம் காயப்போட்டோம். செப்டம்பர் தொடக்கத்தில் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகள் இருபது அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தன. வழியில் ஒன்றும் தின்னாமல் எப்படி உயிரோடு வந்தன என்று வியந்தோம். முட்டையிலிருந்து வெளிவருமுன் மிச்சமுள்ள மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அக்கட்டுச்சோறு இரண்டு நாளுக்கு மேலும் தாங்கும்.

பழைய துணி வைக்கும் அறையை ஒழித்து, தரையில் உமி பரப்பி, அட்டையால் வட்டமாக வேலி கட்டினோம். வட்டம் என்பதற்குக் காரணம் உண்டு. மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் உள்ளவை மூச்சுத் திணறிச் சாகும். நடுவில் பல்பு தொங்கவிட்டோம். இங்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. இக்காலத்து எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடி மூன்று கடை ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி செல்சியஸ் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டார் கவலைப்பட வேண்டாம், குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர். வேலியோரம் ஒதுங்கி அலகைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். வட்டமெங்கும் பரவி, சில தின்று சில தூங்கினால் சரியான அளவு. நம் ஊர் வெயிலில் நடுப்பகலில் பல்பு தேவைப்படாத நாளும் உண்டு. ஆனால் விடியற்காலை ஏமாற்றிவிடும். மூன்றாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. நாங்கள் உறங்கிவிட்டோம். காலையில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன்பின் முறை வைத்து விழித்தோம். சிம்னி விளக்கும் தீப்பெட்டியும் அலமாரியில் தயாராக இருந்தன.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் கொதித்து ஆறிய நீரில் மெல்லத் தொட்டுக் காட்டினால், பிறகு தானே குடிக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட வேண்டும். நாங்கள் போடவில்லை, ஒன்று தட்டிலேயே மூழ்கிவிட்டது. உமியைத் தின்னாதிருக்க முதல் சில நாள் மேலே தாள் விரிப்பார்கள். நாங்கள் விரித்தது வழவழப்பான படத்தாள். கால் வழுக்கி வழுக்கி ஒரு குஞ்சின் கால்கள் அகன்று போயின. கால்களைச் சேர்த்துத் துணிநாடாவால் சில நாள் கட்டி வைத்ததில் நடை ஓரளவு திரும்பிற்று. ஆயினும் அது இன்றுவரை சாய்ந்துதான் நடக்கும். சாக்கையோ சொரசொரப்பான தாளையோ விரித்திருந்தால் இது நேர்ந்திராது. மூன்றாவது குஞ்சை வெயில் காட்டிய அன்று காகம் கொண்டுபோயிற்று. ஆகப் பதினேழு பிழைத்தன.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு. பனிக்கட்டியிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டிய மருந்து அது. கரைத்தபின் உடனே பயன்படுத்திவிட வேண்டும். எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அக்டோபர் மழையில் தரை நனைந்து, எச்சத்தில் இரத்தம் தென்பட்டது. இரத்தக் கழிச்சல் என்னும் இது வைரஸ் நோயன்று. இதற்கு மருந்து உண்டு. ஈர உமியை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த உமி பரப்பினோம். தீனிக்குக் குஞ்சுத் தீவனத்தோடு, சமையற்கட்டுப் பாட்டி சொல்லித் தந்த கரையானும் கொடுத்தோம். பழம்பானையில் வைக்கோலும் ஈரச் சாணமும் திணித்து, கரையான் உள்ள மண்ணில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் பாயும் வேகத்தைப் பார்க்கவே காலைப் படிப்பு நேரத்தில் சிலர் காணாமற்போனார்கள் என்பதை அருட்சகோதரி மன்னிக்க வேண்டும்.

இதற்கிடையில் கறுப்புப் பெட்டை அடை படுத்தது. ஒன்பது முட்டை வைத்தோம். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கில் பிடித்துப் பார்த்தபோது எட்டில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரிந்தன. இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சு பொரித்தது. பல்பும் வேண்டாம், தெர்மாமீட்டரும் வேண்டாம். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கத் தாய் பதில் சொல்வதையும் காதால் கேட்டோம். நாங்கள் எல்லாரும் இராமுழுதும் விழித்துச் செய்ததை அது உட்கார்ந்த இடத்திலேயே செய்தது. இரண்டு வாரத்தில் குஞ்சுகளோடு கூட்டத்துக்குள் அது நடந்தபோது, இறகை விரித்த தாயைக் கண்டு மற்றவை விலகி வழிவிட்டன. தாயோடு வரும் குஞ்சுக்கு அறிமுகம் தேவையில்லை.

தாயில்லாமல் வளர்ந்த பதினேழின் நிலை வேறு. அவற்றுள் பெட்டைகள் ஒன்பது. சேவற்குஞ்சுகள் எட்டையும் விற்றோம், ஏனெனில் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இந்த ஒன்பதும் பழைய கோழிகளுக்கு முற்றிலும் அந்நியர்.

அந்நியரைக் கோழி ஏன் கொத்துகிறது? நார்வே நாட்டில் 1894ஆம் ஆண்டு பிறந்த ஷெல்டெரப் எப்பெ என்பவர் சிறுவனாயிருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். வளர்ந்தபின் 1922இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம். கடைசிக்கோழி எதையும் கொத்த முடியாது. இந்தக் கொத்தும் வரிசை ஒருமுறை முடிவானால் சண்டை குறைந்துவிடுகிறது. ஒரு பார்வையிலேயே சிறியது விலகும். ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. புதுமுகம் வந்தால் கணக்கு முழுவதும் மறுபடி போடப்பட வேண்டும். விடுதிக்குப் புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் குளியலறை வரிசையில் இடம் கிடைப்பதில்லை என்பதை இங்கே எழுதலாமா கூடாதா என்று வாதிட்டோம். எழுதுவது என்று முடிவாயிற்று.

ஜனவரியில், பதினெட்டு வாரம் நிரம்பியபின், கூட்டின் நடுவே கம்பி வலை கட்டி ஒன்பதையும் ஒரு பக்கம் விட்டோம். பார்க்கலாம், தொட முடியாது. முதல் நாள் பழைய பெட்டைகள் வலையில் மோதின. ஐந்தாம் நாள் வலையோரமாகவே மேய்ந்தன. இரண்டு வாரம் கழித்து, மாலையில் அடையும் நேரத்துக்குச் சற்று முன் வலையை நீக்கினோம். முன்பே தீனித் தட்டும் தண்ணீரும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு இடங்களில் வைத்திருந்தோம். முருங்கைக் கிளைகளும் சுவரில் சாய்த்த பலகையும் ஓடி ஒளிய இடம் தந்தன. தீவனத்திலும் ஒரு கவனம் தேவை. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இளங்கோழிகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். எனவே எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தோம். வேண்டியவை தின்றன.

ஒன்றையே தனியாகச் சேர்ப்பதைவிடப் பலவாகச் சேர்ப்பது நல்லது, அடி பகிர்ந்துகொள்ளப்படும். ஆனால் சாய்ந்து நடந்த எங்கள் குஞ்சுக்கு அது பொருந்தவில்லை. பழைய சிவப்புப் பெட்டை ஒன்று அதை மட்டும் துரத்தித் துரத்திக் கொத்திற்று. சேவல் இரண்டு முறை குறுக்கே வந்து நின்றும் பயனில்லை. தலையில் இரத்தம் கசிந்தவுடன் மற்றவையும் கூடின. சிவப்பைக் கண்டால் கோழி கொத்தாமல் விடாது. காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, மூன்று நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக் காப்பாற்றினோம். திரும்ப விட்டபோது முன்னிலும் அதிகமாக அடிபட்டது. இல்லாதிருந்த நாட்களில் அதன் இடமே இல்லாமற்போயிருந்தது.

அப்போதுதான் அருட்சகோதரி, “அடிபட்டவளை ஏன் வெளியேற்றுகிறீர்கள்? அடித்தவளை வெளியேற்றிப் பாருங்கள்” என்றார். காயம் ஆறியதும் சிவப்புப் பெட்டையை நான்கு நாள் தனியே அடைத்தோம். அதற்குள் மற்றவை தங்களுக்குள் வரிசையைச் சரிசெய்துகொண்டன. ஐந்தாம் நாள் சிவப்பு திரும்பியபோது அதுவே புதுமுகம். தன் இடத்தைத் தேடுவதற்கே அதற்கு நேரம் சரியாயிருந்தது.

சாய்நடைக்காரி இன்னும் கடைசிதான். மற்றவை தின்றபின் தின்னும். அடையும் கம்பில் சுவரோரம், சேவலுக்கு அப்பால், அதன் இடம். மார்ச் முதல் வாரம் பலகைக்குப் பின்னால் வைக்கோலில் அதன் முதல் முட்டை கிடந்தது, எலுமிச்சம்பழ அளவில். அன்று நோயாளர் அறையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதி தின்றுவிட்டு, மீதியை நாளைக்கு வைக்கலாமா என்று கேட்டாள்.