‘போதும்’ என்று வயிறு சொல்வது எப்படித் தெரியும்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு 16 குறிப்புகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் அதிகம் காதில் விழும் பெயர்கள் இரண்டு: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை அல்லது அதற்குச் சற்று மேலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். வாழைப்பழம் போல நீண்ட ஒரு குழாய்தான் மிஞ்சும். பைபாஸில் இரைப்பையின் மேல் நுனியை ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் சின்னப் பையாகப் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். முன்பு ஒரு லிட்டருக்கும் விரிந்து கொடுத்த வயிறு இது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரப்பது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் பசியும் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே, இத்தனை வருடம் பழகிய ‘வயிறு நிறைந்தது’ என்ற உணர்வு பழையபடி வராது. வேறு இடத்தில், வேறு விதமாக வரும். அதை அடையாளம் காணப் பழகிவிட்டால் வலி, வாந்தி, அடைப்பு எல்லாமே பெருமளவு குறையும். டாக்டரும் டயட்டீஷியனும் எழுதிக் கொடுத்த அளவும் அட்டவணையும்தான் முதலில். இந்தக் குறிப்புகள் அவற்றுக்குத் துணை.

1. முதல் சில வாரங்களுக்கு வயிற்றைக் கேட்காதீர்கள், அளவுக் கிண்ணத்தைக் கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் இரைப்பையில் வீக்கம் இருக்கும். உணர்வுகளை நம்ப முடியாது. போதாக்குறைக்கு அப்போது குடிப்பதெல்லாம் திரவம். அது தங்காமல் இறங்கிவிடும். “எவ்வளவு குடித்தாலும் நிறைந்த மாதிரியே இல்லையே, ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையோ?” என்று பலரும் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பயம் வேண்டாம். சிரப் பாட்டிலோடு வரும் சின்ன அளவுக் கப்பில் ஊற்றி, ஒவ்வொரு மடக்காகக் குடியுங்கள். சொல்லப்பட்ட அளவு முடிந்ததும் நிறுத்துங்கள்.

2. மசித்த உணவு தொடங்கும் நாளில் கவனமாக இருங்கள். நிறைவு என்ற உணர்வு பலருக்கு முதன்முதலாகத் தெரிவது, கெட்டியான உணவு உள்ளே போகும்போதுதான். நேற்று வரை ஒரு டம்ளர் சூப் சிரமமில்லாமல் இறங்கியிருக்கும். இன்று இரண்டு ஸ்பூன் மசித்த பருப்பிலேயே போதும் போல இருக்கும். இது இயல்பு. தட்டில் மீதி இருக்கிறதே என்று மூன்றாவது ஸ்பூனைத் திணிக்காதீர்கள்.

3. இடம் மாறிவிட்டது. முன்பு தொப்புளைச் சுற்றி, இடுப்புத் துணி இறுகும் அளவுக்கு வந்த நிறைவை இனி அங்கே தேட வேண்டாம். இப்போது அது நெஞ்சுக்குழியில், விலா எலும்புகள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, லேசான அழுத்தமாகவோ இறுக்கமாகவோ வரும். சாப்பிடும் நடுவில் அந்த இடத்தில் கை வைத்து, “இங்கே என்ன தெரிகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் புரியாது. கெட்டியான உணவு பழகப் பழகப் பிடிபடும்.

4. உங்கள் உடம்பின் சின்ன சைகை எது என்று கண்டுபிடியுங்கள். அழுத்தம் வருவதற்குச் சற்று முன்பே சிலருக்கு விக்கல் வரும். சிலருக்கு ஒரு ஏப்பம், சிலருக்குத் தும்மல். சிலருக்கு மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் கோக்கும், தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு வரும். எல்லோருக்கும் எல்லாம் வராது. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான், அதுவே திரும்பத் திரும்ப வரும். ஒரு எச்சரிக்கை: மிளகு ரசத்துக்கும் காரக் குழம்புக்கும் யாருக்கும் மூக்கு ஒழுகத்தான் செய்யும். அதனால் இந்தச் சைகையைக் காரமில்லாத சாப்பாட்டில் கவனித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. சைகை வந்த பிறகு ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ வேண்டாம். கடைசியாக விழுங்கியது இன்னும் முழுதாக இறங்கி அமர்ந்திருக்காது. அது அமரும்போது அழுத்தம் கூடும். நிறைவதற்கு முன், பசி அடங்கிய இடத்திலேயே கையை எடுத்துவிடுவதுதான் இனி உங்கள் சாப்பாட்டின் முடிவு.

6. எல்லை தாண்டிவிட்டது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. குமட்டல், நெஞ்சு நடுவே வலி, தோள்பட்டை வரை இழுக்கும் வலி, வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக மேலே வருவது ஆகியவை முக்கியமானவை. வந்தால் உடனே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது மெதுவாக நடங்கள். படுக்காதீர்கள். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் நெஞ்சு வலி வந்தாலோ, வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, அது வயிறுதான் என்று நீங்களே முடிவு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

7. விக்கினால் தண்ணீர் குடிக்காதீர்கள். விக்கல் வந்ததும் தலையில் தட்டித் தண்ணீர் டம்ளரை நீட்டுவது நம் வீட்டு வழக்கம். ஏற்கெனவே நிறைந்திருக்கும் சின்ன வயிற்றில் அந்தத் தண்ணீருக்கு இடம் இல்லை. அடைத்திருக்கும் உணவின் மேல் ஊற்றினால் அது மேலே திரும்பி வரும். விக்கல் வந்தால் தட்டைத் தள்ளி வைப்பதே முதல் வைத்தியம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

8. அடைப்பு வேறு, நிறைவு வேறு. நிறைவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வரும். அடைப்போ இரண்டாவது, மூன்றாவது வாயிலேயே சட்டென்று வரும். எச்சில் பெருகும், விழுங்கவே முடியாதது போல இருக்கும். சரியாக மெல்லாத கோழி, ஆட்டுக்கறி, பரோட்டா, புது ரொட்டி, பந்தாக ஒட்டும் சோறு ஆகியவைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். “ரெண்டு வாயிலேயே நிறைந்துவிட்டது” என்று எண்ணிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். உணவின் பக்குவத்தை மாற்றுங்கள். கறியைக் கொத்தி, கிரேவியில் நன்றாக வேகவைத்துப் பாருங்கள்.

9. கவளத்தின் அளவு சுண்டைக்காய். ஸ்பூனில் சாப்பிடுபவர்கள் குழந்தைகளுக்கான சின்ன ஸ்பூனுக்கு மாறலாம். கையால் சாப்பிடுபவர்கள் மூன்று விரல் நுனியில் எடுக்கும் அளவோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். 20, 25 முறை மென்றால் சரியாக இருக்கும். விழுங்கிய பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். மூளைக்குச் செய்தி போய்ச் சேர அந்த இடைவெளி தேவை.

10. 20 நிமிடத்துக்குக் குறையவும் வேண்டாம், அரை மணியைத் தாண்டவும் வேண்டாம். அவசரமாகச் சாப்பிட்டால் சைகை வருவதற்குள் அளவு மீறிவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொறித்தால், முன்னால் போனது இறங்க இறங்கப் பின்னால் போவதற்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நிறைவு வரவே வராது. அரை மணி ஆனதும் தட்டில் என்ன இருந்தாலும் எடுத்து மூடி வையுங்கள். டி.வி., செல்போன் இரண்டையும் அந்த அரை மணிக்கு ஒதுக்கி வைத்தால்தான் நெஞ்சுக்குழியின் அழுத்தமும் ஏப்பமும் தெரியும்.

11. புரதம் முதலில், சோறு கடைசியில். முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டிப் பருப்பு என்று தொடங்கி, அடுத்து காய், இடம் இருந்தால் மட்டும் இரண்டு வாய் சோறு அல்லது பாதி இட்லி. பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் தினசரிப் புரத அளவு 60 கிராமாவது இருக்கும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சோற்றில் தொடங்கினால் புரதத்துக்கு இடமே இருக்காது. கெட்டியான புரத உணவில் வரும் நிறைவு தெளிவாகத் தெரியும், நெடுநேரம் நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

12. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். ரசமும் மோரும் தண்ணீர்தான். திரவம் சேர்ந்தால் உணவு இளகிச் சீக்கிரம் இறங்கிவிடும். நிறைவு கலைந்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி எதையாவது தேட வைக்கும். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கத் தொடங்குங்கள். ரசம் சாதம் பிடித்தவர்கள் ரசத்தைத் தனியாக, இடைவேளையில் சூப் மாதிரி மடக்கு மடக்காகக் குடிக்கலாம். நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது தண்ணீர் போக வேண்டும் என்பதால் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

13. நிறைவே தராத தின்பண்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். டீயில் தோய்த்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம், சாக்லேட் இவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு கவளம் கோழிக்கே திணறும் வயிறு ஒரு பாக்கெட் மிக்சரை முனகாமல் உள்ளே விடும். ‘சைகை வந்தால் நிறுத்துகிறேன்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது, ஏனென்றால் சைகையே வராது. சிகிச்சைக்குப் பிறகு எடை மறுபடி ஏற இதுவும் ஒரு வழி. வாங்கி வைக்காமல் இருப்பதே சுலபம்.

14. பசி போலத் தோன்றுவதெல்லாம் பசி அல்ல. அமிலம் சுரந்து காந்தும்போதும், தாகத்திலும், அலுப்பிலும், குக்கரைத் திறந்த வாசனையிலும் சாப்பிடத் தோன்றும். வேகவைத்த முட்டையோ தாளிக்காத சுண்டலோ கொடுத்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் பசி. ‘அது வேண்டாம், வேறு ஏதாவது’ என்றால் ருசி தேடும் ஆசை. இன்னொன்று: பாயசம், அல்வா போன்ற இனிப்புச் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டுதல், பேதி வந்தால் அது நிறைவு அல்ல, இனிப்பு வேகமாகக் குடலுக்குள் பாய்ந்ததன் விளைவு. பைபாஸ் செய்தவர்களிடம் இது அதிகம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, அகோரப் பசி எடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சிகிச்சைக்குப் பின் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

15. விருந்திலும் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லுங்கள். “இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ, இளைச்சுப் போயிட்டே” என்பது அன்புதான். ஆனால் பந்தியில் இலை நிறைந்த பிறகு மறுப்பது கடினம். உட்காரும் முன்பே பரிமாறுபவரிடம், “எல்லாத்திலும் ஒரு ஸ்பூன் போதுங்க, டாக்டர் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் உங்கள் தட்டைச் சின்னக் கிண்ணமாக மாற்றுங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை ‘வீணாகிறதே’ என்று வாயில் போடும் பழக்கத்துக்கும் இன்றோடு விடை கொடுங்கள். ஒரு நோட்டில் என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடம், என்ன சைகை என்று நான்கு கட்டம் போட்டுச் சில வாரம் எழுதினால், பரிசோதனைக்குப் போகும்போது டயட்டீஷியனுக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை. மாதங்கள் செல்லச் செல்ல அளவு மெல்லக் கூடும். இந்த மாற்றம் எதிர்பார்க்கப்படுவதே. வயிறு பழையபடி பெருத்துவிட்டது என்று கலங்க வேண்டாம். எவ்வளவு கொள்கிறது பார்ப்போம் என்று சோதிக்கவும் வேண்டாம். கெட்டியான உணவு சாப்பிட்டும் நிறைவே தெரியவில்லை என்றால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

16. இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. ஒரு நாளைத் தாண்டியும் நிற்காத வாந்தி. முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, வேகமான நாடித்துடிப்பு. இவற்றில் எது வந்தாலும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு உடனே போங்கள். வாந்தி நீடித்தால் பி1 வைட்டமின் வேகமாகக் குறைந்து நரம்புகளைப் பாதிக்கும். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை இரண்டாகத் தெரிதல், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த நிலையில் வேறு ஊரில் இருந்தால் எந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும், “எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். என்ன ஆபரேஷன், எந்தத் தேதியில் என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.