உங்கள் பேரப்பிள்ளை தாதிமை படிக்கிறாரா?

மருத்துவமனையில் உங்கள் இரத்த அழுத்தத்தை அளக்க வருபவர் சில வேளைகளில் மாணவராக இருப்பார். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் தாதிமை படிப்பவர்கள், படிப்பின் ஒரு பகுதியாக வார்டுகளில் மேற்பார்வையின்கீழ் பயிற்சி பெறுகிறார்கள். சிலருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது.

"மாணவரெல்லாம் வேண்டாம், நல்ல மிஸியை வரச் சொல்லு!" என்று நம்மில் சிலர் சத்தம் போடுவதுண்டு. மாணவர் வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு, "இன்றைக்கு வேண்டாம்மா" என்று சொன்னாலே போதும்.

மாணவரின் மனத்தைப் புண்படுத்துபவர்கள் நோயாளிகள் மட்டும் அல்லர். சில இடங்களில் மூத்த தாதியரும் அப்படி நடந்துகொள்வதுண்டு. நோயாளிகள் முன்னிலையில் திட்டுவது, கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பது, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை உதாரணங்கள். "எங்கள் காலத்தில் திட்டு வாங்கித்தான் வேலை கற்றோம்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வார்டில் பயம் ஆபத்தானது. மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் மாணவர் உடனே கேட்கவேண்டும். நேற்றுத் திட்டு வாங்கியவர் இன்று கேட்கத் தயங்குவார். அந்த மருந்து உங்களுக்குரியதாகவும் இருக்கலாம்.

வீட்டில் கவனியுங்கள்

பயிற்சிக்குக் கிளம்பும் காலையில் மட்டும் வயிற்றுவலி, தூக்கமின்மை, சாப்பாட்டில் நாட்டமின்மை, "படிப்பை விட்டுவிடுகிறேன்" என்ற பேச்சு. இவை சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று உடனே சொல்லிவிட வேண்டாம். "வார்டில் இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, பொறுமையாகக் காது கொடுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். நடந்ததைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொண்டு, பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் பேசுமாறு ஊக்குவியுங்கள். கோபத்தில் நீங்களே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும், மறுநாள் அந்த வார்டுக்குப் போகவேண்டியவர் அவர்தான்.

மனம் தளர்ந்திருந்தால், தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையை 1771 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியாக விடாதீர்கள். 1767 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அவரால் பேச முடியாவிட்டால், அவருக்காக நீங்களும் அழைக்கலாம்.