யானைக்குத் தும்மல்

யானைக்குச் சளி பிடித்தால் எப்படித் தும்மும்?

அசோக் ராஜகோபாலன் சென்னை ஓவியர். குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். படமும் போட்டுக் காட்டுவார். அவர் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி' 2010-இல் வெளிவந்தது. தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. கஜபதி குலபதி ஒரு பெரிய யானை. அதற்குச் சளி பிடிக்கிறது. தும்மல் வருகிறது. கதை அவ்வளவுதான்! ஆனால் சொல்பவர் யானை மாதிரியே தும்மவேண்டும். வெட்கப்பட்டால் கதை நடக்காது.

இப்படிப்பட்ட புத்தகத்தில் பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, இடுக்கி மாவட்டம் மூணாறு பக்கம் இது பெரிய உதவி. அங்கே பல பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளமும் படிக்கிறார்கள். எழுத்து இரண்டு, படம் ஒன்று. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம்.

கேரளத்து ஊர் நூலகங்களில் குழந்தைகளுக்கென்று 'பாலவேதி' உண்டு. கதை முடிந்ததும் அங்கே காகிதமும் கலர் பென்சிலும் கொடுக்கலாம். "யானை வரையுங்கள்" என்றால் போதும். மூணாறுப் பிள்ளைக்கு யானை வெறும் கதை இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி வரும் காட்டானை அது. அப்படி வந்த ஒன்றுக்கு மக்கள் 'படையப்பா' என்றே பேர் வைத்தார்கள். ஒரு குழந்தை யானையை மலை போலவும், லயத்து வீட்டைத் தீப்பெட்டி போலவும் வரையலாம். "அளவு தப்பு" என்று அழி ரப்பரை எடுக்காதீர்கள். ராத்திரி வாசலில் நின்றால் அது அப்படித்தான் தெரியும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.