கஞ்சிப்பாசி: உறையும் வெப்பம் ஒன்று, உருகும் வெப்பம் வேறு

பாசிகளின் பயன்கள் என்றதும், ‘கிராசிலேரியாவிலிருந்து அகார் கிடைக்கிறது’ என்று மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். அகார் எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மளிகைக் கடையில் கடற்பாசி, சைனா கிராஸ் என்ற பெயர்களில் விற்கும் வெண்ணிற இழைதான் அது. ரம்ஜான் மாதத்தில் அதைப் பாலில் காய்ச்சும் வீட்டுப் பிள்ளைக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அவரையே முதலில் பேசவிடலாம்.

மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளின் ஆழமற்ற கடலில் வளரும் கிராசிலேரியா எடுலிஸைக் கரையோர மக்கள் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள், அதனால் கஞ்சிப்பாசி. இது சிவப்புப் பாசி வகை என்றாலும் காய்ந்தால் வெளிறிப்போகும். வேர் கிடையாது; கல்லைப் பற்றிக்கொள்ளப் பற்றுறுப்பு மட்டும் உண்டு. செல் சுவரிலுள்ள அகார், அலையில் ஒடியாமல் வளைந்துகொடுக்க உதவுகிறது.

500 மி.லி. தண்ணீரில் 5 கிராம் கடற்பாசியை ஊறவைத்து, முழுதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். அடுப்பை ஆசிரியரே கையாள வேண்டும். டம்ளர்களில் ஊற்றி, வெப்பமானியால் பார்த்துவந்தால் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் உறையும். உறைந்த டம்ளரை 60 டிகிரி வெந்நீரில் வைத்தால் என்னவாகும்? செய்யும் முன்பே விடையை எழுதச் சொல்லுங்கள். ‘உருகும்’ என்றே பலரும் எழுதுவார்கள், பனிக்கட்டி அப்படித்தானே. ஆனால் உருகாது! ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். ஆறும்போது அகாரின் நீண்ட மூலக்கூறுகள் இரட்டையாக முறுக்கிக் கற்றையாகச் சேர்கின்றன. அந்தக் கற்றையைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் தேவை.

இந்த இடைவெளிதான் நுண்ணுயிரியலுக்கு வாய்ப்பாயிற்று. ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைக் கரைத்தும்விடும். அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயிடம், 1881-இல், அகாரைப் பயன்படுத்தச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அவர் கற்ற சமையல் முறை அது. காக்கின் 1882 கட்டுரையில் அகார் இருக்கிறது, ஃபேனியின் பெயர் இல்லை. வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இராமநாதபுரக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்களும் பெண்களே. மாதத்தில் 12 நாள் மட்டும், இரும்புக் கருவியின்றிக் கையால் எடுப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சுரண்டி எடுத்தால் பற்றுறுப்பும் போய்விடும். மறுபடி தழைக்க எதுவும் மிஞ்சாது.