பெல்ட் போகும் வழி

மும்பையில் தாராவியை ஒட்டி மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. டாக்ஸி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கேரேஜில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். டாக்ஸி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பாத்தியம் போயிற்று. என்ஜின் சூடேறிக் கெட்டுவிட்டால் பல நாள் சம்பாத்தியம் போகும். ஒரு ரப்பர் பட்டை அறுந்தால் இந்த இரண்டும் நடக்கலாம். அந்தப் பட்டைக்குப் பெயர் பெல்ட். மும்பையில் 'பட்டா' என்றும் சொல்வார்கள்.

பெல்ட் என்ன வேலை செய்கிறது?

ஊர்க் கிணற்றில் கப்பி பார்த்திருப்பீர்கள். கயிறு ஓடினால் கப்பி சுற்றும். என்ஜினிலும் அப்படிச் சக்கரங்கள் உண்டு. அவற்றைப் புல்லி என்பார்கள். கீழே இருக்கும் பெரிய புல்லியை என்ஜின் சுற்றுகிறது. அதன் மேல் ஓடும் பெல்ட் மற்றப் புல்லிகளையும் சுற்ற வைக்கிறது. ஒரு புல்லி ஆல்டர்னேட்டருக்கு. அது மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும். இன்னொரு புல்லி தண்ணீர் பம்புக்கு. அது என்ஜினுக்குள் தண்ணீரை ஓட்டிச் சூட்டைக் குறைக்கும். ஏ.சி.க்கு ஒரு புல்லி. சில வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் ஒன்று.

மும்பையில் பல வருடம் ஓடிய டாக்ஸி பிரீமியர் பத்மினி. கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். இங்கே டாக்ஸிக்கு 20 வருடம்தான் அனுமதி. கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபரோடு அதன் காலம் முடிந்தது.

பத்மினியில் இருந்தது 'வி' வடிவ பெல்ட். அது என்ஜின் புல்லி, தண்ணீர் பம்ப், மின்சாரம் எடுக்கும் புல்லி மூன்றையும் முக்கோணம் போலச் சுற்றி வரும். பம்போடு விசிறியும் சேர்ந்து சுற்றும். அதனால்தான் அதை 'ஃபேன் பெல்ட்' என்றார்கள். அந்த பெல்ட்டை வழி மாற்றி மாட்டவே முடியாது.

இப்போதைய டாக்ஸிகளில் விசிறி தனியாக மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட்டுக்கும் விசிறிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் கேரேஜில் ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறார்கள். பழகிய பெயர் லேசில் போகாது!

இப்போது வரும் பெல்ட் தட்டையானது. ஒரு பக்கம் உழுத சால் போல வரிகள் இருக்கும். அதை வயிறு என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். அது முதுகு. பல புல்லிகளுக்கு இடையே பாம்பு போல வளைந்து வளைந்து போவதால் இங்கிலீஷில் இதற்குப் பாம்பின் பெயர். அமெரிக்காவில் 1979-ல் ஃபோர்டு மஸ்டாங் காரில் இந்த வகை பெல்ட் வந்தது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. சில கார்களில் எல்லாப் புல்லிக்கும் ஒரே பெல்ட். சில சின்ன கார்களில் ஏ.சி.க்குத் தனியாக இன்னொரு பெல்ட் இருக்கும்.

வயிறா, முதுகா?

ஊரில் மாவு மில் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மில்லில் பெல்ட்டை நேராக மாட்டினால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும். எட்டுப் போலக் குறுக்காக மாட்டினால் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றும். கார் பெல்ட்டைக் குறுக்காக மாட்டுவதில்லை. ஆனால் பெல்ட்டின் வயிறு தொடும் புல்லிகள் எல்லாம் ஒரே பக்கம் சுற்றும். முதுகு தொடும் புல்லிகள் எதிர்ப்பக்கம் சுற்றும்.

தண்ணீர் பம்ப் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. சில என்ஜினில் பெல்ட்டின் வயிறு பம்பைத் தொட வேண்டும். சிலவற்றில் முதுகு தொட வேண்டும். மாற்றி மாட்டினால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். பெல்ட் ஓடும். வண்டியும் கிளம்பும். பேட்டரி விளக்குகூட எரியாது. ஆனால் தண்ணீர் சரியாக ஓடாது. என்ஜின் கொதிக்கும். அறுந்த பெல்ட்டைவிட இது மோசம். தப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே கழற்றுவதற்கு முன்பே வழியைப் பாருங்கள். பல வண்டிகளில் பானட்டின் உள்ளே ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். அதில் வட்டங்களும் ஒரு கோடும் இருக்கும். வட்டம் புல்லி. கோடு பெல்ட். படம் இல்லையா? ஒரு தாளில் நீங்களே வரையுங்கள். கீழ்ப் புல்லியில் தொடங்குங்கள். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் 'வ' அல்லது 'மு' என்று எழுதுங்கள். கைபேசியில் படம் எடுப்பதும் நல்லதுதான். ஆனால் கீழே மறைந்திருக்கும் புல்லி படத்தில் விழாமல் போகலாம். விரலால் தடவிப் பார்த்து வரைந்த தாளே மேல்.

கடைக்குப் போகும்போது

"அண்ணாச்சி, வேகன்ஆர் பெல்ட்டுன்னு கேட்டா குடுத்திருவாங்கள்லா?"

"போதாது தம்பி. அதே பேருல பல வருசத்து வண்டி ஓடுது. என்ஜின் வேற வேற. பழைய பெல்ட்டு முதுகுல என்ன எழுதியிருக்கு? வாசி."

"4 பி.கே. 880."

"4-ன்னா வயித்துல நாலு வரி. பி.கே.ன்னா வரியோட அளவு. 880-ன்னா நீளம், மில்லிமீட்டர்ல. அதாவது 88 சென்டிமீட்டர்."

"எழுத்து அழிஞ்சிருந்தா?"

"வரியை எண்ணிக்க. பழைய பெல்ட்டையும் வண்டி ஆர்.சி.யையும் கையில கொண்டு போ. என்ஜின் நம்பரு அதுல இருக்கும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல கடை வரிசையா இருக்கு. வாங்குன உடனே பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாரு. பழசு ஒரு நூல் நீண்டிருக்கலாம். ரொம்ப வித்தியாசம்னா அங்கனயே திருப்பிக் குடுத்திரு."

மாட்டும் முறை

என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். என்ஜின் ஆறட்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கை பிரேக் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மின்சார விசிறி என்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றும். அது விரலை வெட்டிவிடும். தோளில் துண்டு, கழுத்தில் செயின், தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லிக்கு டென்ஷனர் என்று பெயர். அதில் ஸ்பிரிங் இருந்தால், பானா வைத்துத் தளரும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். (மும்பையில் ஸ்பேனரைப் பானா என்பார்கள்.) மேலே கை எட்டும் புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவ விடுங்கள். பிறகு டென்ஷனரையும் மெதுவாக விடுங்கள். பட்டென்று விட்டால் கையில் அடிக்கும். ஸ்பிரிங் இல்லாத வண்டியில் ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பெல்ட்டின் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வருகிறதா? ஆடுகிறதா? ஆயில் கசிகிறதா? அதைச் சரி செய்யாமல் புது பெல்ட் போட்டால் அந்தப் பணமும் வீண்.

புது பெல்ட்டைக் கீழ்ப் புல்லியில் தொடங்கி மாட்டுங்கள். தாளில் வரைந்த வழியிலேயே போங்கள். வரியுள்ள புல்லியில் வயிறு. வழவழப்பான புல்லியில் முதுகு. கை எட்டும் வழவழப்பான புல்லி இருந்தால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனரைத் தளர்த்தி அதில் ஏற்றுங்கள். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு புல்லியாகப் பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்கினாலும் பெல்ட் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் வண்டியில் அளவாக இறுக்குங்கள். மிகவும் இறுக்கினால் பேரிங் கெடும். தளர்வாக விட்டால் பெல்ட் வழுக்கும்.

கீழ்ப் புல்லியின் போல்ட்டில் பானா வைத்து என்ஜின் ஓடும் பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பெல்ட் விலகாமல் ஓடினால் பானாவை எடுத்துவிட்டு பேட்டரி வயரை மாட்டுங்கள். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் இல்லாத வண்டியில் சூட்டு விளக்கைக் கவனியுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

முன்பு வந்த பெல்ட் பழசானால் குறுக்கே கீறல் விழும். இப்போதைய ரப்பர் அவ்வளவாகக் கீறுவதில்லை. டயர் போலத் தேய்கிறது. கீறல் இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வரியின் பள்ளத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள். புது பெல்ட்டோடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரியும்.

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் ரோட்டில் தண்ணீர் நிற்கும். அதில் போனால் பெல்ட் நனைந்து கிறீச்சென்று கத்தும். காய்ந்ததும் நின்றுவிட்டால் பயமில்லை. தினமும் கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது புல்லி கோணலாக இருக்கும். சோப்போ மெழுகோ தடவாதீர்கள். சத்தம் அடங்கும், கோளாறு அடங்காது.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறதா? சூட்டு முள் ஏறுகிறதா? ஸ்டீயரிங் திடீரென்று கனக்கிறதா? பெல்ட் அறுந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சவாரியை வேறு வண்டியில் ஏற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

பயிற்சி

1. 6 பி.கே. 1070. இந்த பெல்ட்டில் எத்தனை வரி? நீளம் எத்தனை சென்டிமீட்டர்?

2. ஒரு வண்டியில் பெல்ட்டின் வயிறு கீழ்ப் புல்லியைத் தொடுகிறது. முதுகு தண்ணீர் பம்பைத் தொடுகிறது. கீழ்ப் புல்லி வலப்பக்கம் சுற்றினால் பம்ப் எந்தப் பக்கம் சுற்றும்?

3. தெரிந்தவர் வண்டி ஒன்றின் பானட்டைத் திறந்து, என்ஜின் நின்றிருக்கும்போது பெல்ட் போகும் வழியை வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் 'வ', 'மு' எழுதுங்கள்.