குடியும் அடியும்

நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்புவித்துக் கூலி பெறும் நாளும், விளைச்சலை விற்றுப் பணம் காணும் நாளும் வீடு மகிழ வேண்டிய நாட்கள். ஆயினும் சில இல்லங்களில் அந்நாட்களே பெண்கள் அஞ்சும் நாட்களாக இருக்கின்றன. இதன் காரணத்தை நாம் சற்று ஆராய்வோம்.

2019-21 ஆண்டுகளில் நம் நாட்டில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி குடித்து வெறிகொள்ளும் கணவரை உடைய பெண்களில் நூற்றுக்கு 70 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர். குடியாத கணவரை உடையோரில் இது நூற்றுக்கு 23. இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே நோக்க வேண்டும். குடி உள்ள வீட்டில் அடி பெருகுகிறது. குடி இல்லாத வீட்டிலும் அடி இருக்கிறது.

மது நிதானத்தைக் குலைக்கிறது; கோபத்தை அடக்கும் ஆற்றலைத் தளர்த்துகிறது. கூலி கரைவதால் கடனும் பூசலும் வளர்கின்றன. இருப்பினும், "குடிவெறியில் தெரியாமல் செய்துவிட்டேன்" என்பதை நாம் ஏற்கலாகாது. அவ்வெறியிலும் அவன் கடன் கொடுத்தவரை அடிப்பதில்லை. காவலரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான். வீட்டுக்கு வந்து மனைவியையே அடிக்கிறான். மனைவியை அடிக்கலாம் என்ற எண்ணம் குடிக்குமுன்பே அவன் உள்ளத்தில் இருக்கிறது. மது அதன் கட்டை அவிழ்த்துவிடுகிறது.

ஆகவே பரிகாரமும் இரண்டாகும். குடிநோய்க்கு மருத்துவம் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடும்; ஆதலின் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நன்று. ஆனால் அவர் திருந்தும்வரை மனைவி அடிபட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. கணவனுடன் வாழும் வீடு அவள் பெயரில் இல்லாவிடினும் அதில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவளது ஸ்திரீதனத்தை விற்றுக் குடிப்பதும் இச்சட்டப்படி வன்முறையே. நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையை மீறுபவனுக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 181 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கோரலாம்.

அங்கத்தினர்களாகிய நமக்கும் கடமை உண்டு. அடுத்த வீட்டில் எழும் அழுகுரலை "குடும்ப விஷயம்" என்று கேளாதிருத்தல் தகாது. அத்தகைய கொடுமையை எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது சட்டம் எந்தப் பொறுப்பும் சுமத்துவதில்லை. தார் சுற்றியும் களை பறித்தும் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணையும் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ப்போம். அவள் உழைப்பின் கூலி அவள் கைக்கே சேரட்டும். ஒருவர்க்கொருவர் துணை நிற்பதே கூட்டுறவு. அது சங்கக் கட்டடத்தின் வாசலோடு நின்றுவிடலாகாது.